காரில் ஏறும் ரயில்வே ஸ்டேஷன்! பிரித்து, சுமந்து, சேர்த்து ஓட்டும் குட்டி ரயில்களின் உலகம்

2019 மே 18, சனிக்கிழமை. இங்கிலாந்தின் லிங்கன்ஷையர் பகுதியில் இருக்கும் ஸ்டாம்ஃபோர்டு என்ற சிறிய ஊரில், ஒரு பள்ளிக்கூட ஹாலில் மாதிரி ரயில் கண்காட்சி தொடங்கவிருந்தது. மார்க்கெட் டீப்பிங் மாதிரி ரயில் சங்கத்தினர் முந்தைய நாளே வந்து மேஜைகளை அடுக்கி, பலகைகளைப் பூட்டி, ரயில்களைப் பாதையில் ஏற்றி வைத்துவிட்டுக் கதவைச் சாத்திப் போயிருந்தார்கள். காலையில் குழந்தைகளும் தாத்தாக்களும் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வர வேண்டியதுதான் பாக்கி.

விடிவதற்குள் எல்லாம் முடிந்துபோனது. இரவில் புகுந்த சிலர் குட்டி ஊர்களைக் கவிழ்த்துப் போட்டு, ரயில் இன்ஜின்களை மிதித்து நொறுக்கியிருந்தார்கள். பதின்ம வயதினர் நான்கு பேர் கைது செய்யப்பட்டார்கள். பல ஆண்டுகளாக மாலை வேளைகளிலும் விடுமுறை நாள்களிலும் உட்கார்ந்து செய்தவை, ஒரே இரவில் தரையில் சிதறிக் கிடந்தன.

அதற்குப் பிறகு நடந்ததுதான் ஆச்சர்யம். ஏதோ கொஞ்சம் செலவை ஈடுகட்டலாம் என்று சங்கத்தினர் இணையத்தில் 500 பவுண்டு நன்கொடை கேட்டார்கள். வந்து சேர்ந்ததோ ஒரு லட்சம் பவுண்டுக்கும் மேல்! பிரபல ராக் பாடகர் ராட் ஸ்டூவர்ட் மட்டும் 10,000 பவுண்டு கொடுத்தார். முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் தங்களால் முடிந்ததை அனுப்பினார்கள்.

'பொம்மை ரயிலுக்கா இத்தனை கலாட்டா?' என்று தோன்றலாம். ஆனால், இவை கடையில் வாங்கிப் பிரித்து ஓட்டும் பொம்மைகள் அல்ல. ஒரு பலகையை அறுப்பதில் தொடங்கி, கடைசிப் புல்லை நட்டு முடிப்பது வரை கையாலேயே செய்யப்பட்டவை. அதைவிட முக்கியமான விஷயம், இவை வீட்டில் பூட்டி வைத்து ரசிப்பதற்காகச் செய்யப்பட்டவையும் அல்ல. ஊர் ஊராகக் கொண்டுபோய் மற்றவர்களுக்குக் காட்டுவதற்காகவே, பிரித்துச் சேர்க்கும்படி செய்யப்பட்டவை. அந்தக் கலை எப்படி வேலை செய்கிறது, அதில் இருப்பவர்கள் எதற்காக இத்தனை பாடுபடுகிறார்கள் என்று பார்ப்போமா?

கொலு பார்க்கிலிருந்து ஒரு படி மேலே

நவராத்திரிக் கொலுவில் படிக்குப் பக்கத்தில் மணல் கொட்டி, கேழ்வரகையும் கடுகையும் முளைக்கவிட்டு, பார்க் கட்டி, நடுவில் சாவி கொடுத்தால் வட்டமடிக்கும் ரயில் ஒன்றை விடுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். மாதிரி ரயில்காரர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். ஆனால், ஒரே ஒரு நிபந்தனை: எல்லாமே ஒரே அளவு விகிதத்தில் இருக்க வேண்டும். இன்ஜின் சின்னதாகவும் அதன் பக்கத்தில் நிற்கும் செட்டியார் பொம்மை பெரிதாகவும் இருந்தால் இங்கே செல்லாது.

இந்த விகிதத்துக்கு 'ஸ்கேல்' என்று பெயர். உலகில் அதிகம் பேர் பயன்படுத்துவது 'ஹெச்ஓ' ஸ்கேல். நிஜத்தை 87-ல் ஒரு பங்காகச் சுருக்குவது இது. இன்னும் சின்னதாக வேண்டுமென்றால், 160-ல் ஒரு பங்காகச் சுருக்கும் 'என்' ஸ்கேல் இருக்கிறது. அதில் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே வெறும் 9 மி.மீ. இடைவெளிதான். பிரிட்டனில் மட்டும் 76-ல் ஒரு பங்கான 'ஓஓ' ஸ்கேல் பிரபலம்.

நமக்குத் தெரிந்த கணக்கில் சொன்னால், சென்னை ஐ.சி.எஃப்-பில் தயாரான பழைய நீல நிறப் பயணிகள் பெட்டியின் நீளம் சுமார் 21.3 மீட்டர். அது ஹெச்ஓ ஸ்கேலில் 24.5 சென்டிமீட்டர் ஆகிவிடும். ஆனாலும், 24 பெட்டி கொண்ட ஒரு முழு எக்ஸ்பிரஸை அப்படியே செய்தால், இன்ஜின் இல்லாமலேயே கிட்டத்தட்ட 6 மீட்டர் நீளத்துக்கு நிற்கும். எந்த வீட்டு ஹாலில் அதை ஓட்டுவது? சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையுள்ள சுமார் 30 கி.மீ. பாதையை அதே அளவில் செய்தால் 345 மீட்டர் இடம் வேண்டும்!

அதனால் இந்தக் கலையில் முதல் பாடமே எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்வதுதான். ஒரு ஸ்டேஷன், ஒரு பாலம், ஒரு சரக்குக் கொட்டகை போதும். ஊர் முழுக்கத் தேவையில்லை. பார்ப்பவர் மனதில் மீதி ஊர் தானாக வந்துவிடும்.

தாமஸின் 'அப்பா'வும் சுமந்தார்!

ரயில் பொம்மைகளைத் தனித்தனியாக விற்காமல், ஒரே அளவுத் தண்டவாளத்தில் ஓடும் 'செட்' ஆக, மேலும் மேலும் வாங்கிச் சேர்க்கும்படி முதலில் கொண்டுவந்தது ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம். 1891-ம் ஆண்டு லைப்சிக் வர்த்தகக் கண்காட்சியில் அது அறிமுகமானது. உலகின் மிகப் பழைய மாதிரி ரயில் சங்கமாகக் கருதப்படும் லண்டனின் 'மாடல் ரயில்வே கிளப்' 1910-ல் உருவானது. அது ஈஸ்டர் சமயத்தில் நடத்திய கண்காட்சிகள் பல தலைமுறைக் குழந்தைகளை இந்தப் பக்கம் இழுத்தன.

'தாமஸ் தி டேங்க் இன்ஜின்' கார்ட்டூன் பார்க்காத குழந்தைகள் குறைவு. அந்த நீல நிற இன்ஜினைக் கதையாக எழுதியவர் வில்பர்ட் ஆட்ரி என்ற பாதிரியார். அவரும் ஒரு மாதிரி ரயில் பிரியர். தன் கதைகளில் வரும் 'ஃபார்க்கர்' என்ற ஊரை மாதிரி ரயில் நிலையமாகக் கட்டி, கண்காட்சிகளுக்குச் சுமந்துகொண்டு போய் ஓட்டிக்காட்டினார். அதன் கடைசி வடிவம் இன்றைக்கும் வேல்ஸ் நாட்டின் டைவின் நகரில் இருக்கும் குறும்பாதை ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சின்ன வீட்டில் எப்படிக் கட்டுவது என்ற கேள்விக்கும் அப்போதே ஆளுக்கொரு விடை தேடினார்கள். 1957-ல் சி.ஜே.ஃப்ரீசர் என்பவர் 'மைனரீஸ்' என்று ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தார். ஒரு பெருநகர ரயில் முனையத்தைக் கீல் போட்டு மடக்கி வைக்கிற அளவுக்குச் சுருக்கிய திட்டம் அது. அதைத் தங்கள் வசதிக்கு ஏற்ப மாற்றிக் கட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வாசல் கதவுதான் முதல் அளவுகோல்

இந்தக் குட்டி ரயில் ஊருக்கு ஆங்கிலத்தில் 'லேஅவுட்' என்று பெயர். நம் ஊரில் லேஅவுட் என்றதும் மனைப்பிரிவுதான் நினைவுக்கு வரும். ஒரு வகையில் இதுவும் அதேதான். முதலில் நிலத்தை அளக்க வேண்டும்.

கண்காட்சிக்குப் போகும் லேஅவுட்டை அளக்கத் தொடங்கும் இடம், வீட்டு வாசல் கதவும் கார் டிக்கியும்! இரண்டுக்குள்ளும் நுழையாத பலகையை எவ்வளவு அழகாகச் செய்தாலும் பயனில்லை. அதனால்தான் பலரும் 4 அடி நீளம், 2 அடி அகலம் என்ற அளவில் நிற்கிறார்கள். ஒருவரோ இருவரோ தூக்கிப் படியிறங்க முடிகிற அளவு அது. நீளமான ஊர் வேண்டுமென்றால், இப்படிப்பட்ட நான்கைந்து பலகைகளை வரிசையாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

பலகை கனமாக இருக்கவும் கூடாது, வளையவும் கூடாது. கெட்டியான மரத்தில் செய்தால் தூக்க முடியாது. வெறும் அட்டையிலோ தெர்மகோலிலோ செய்தால் ஒரே பயணத்தில் முறுங்கிவிடும். தரமான ப்ளைவுட்டைப் பட்டையாக அறுத்து, பெட்டி போலச் சட்டம் கட்டி, குறுக்கே தாங்கு கட்டைகள் கொடுத்து, மேலே மெல்லிய ப்ளைவுட்டைப் பரப்புவதுதான் வழக்கமான முறை. சட்டத்தின் நடுவே பெரிய ஓட்டைகள் போடுவார்கள். எடை குறையும், ஒயர்களும் அதன் வழியாகப் போகும்.

மலைகளுக்குக் கெட்டி ஃபோம் அட்டைகள். அவற்றை அடுக்கி, செதுக்கி, மேலே பூசி வண்ணம் அடிப்பார்கள். தண்டவாளத்துக்கு நடுவே பரப்பும் குட்டி ஜல்லிக்கு, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசைதான். அதில் பாத்திரம் துலக்கும் திரவத்தை ஒரு சொட்டு விட்டால், பசை ஜல்லியின் மேல் முத்து முத்தாக நிற்காமல் உள்ளே இறங்கிவிடும். புல் நடுவதற்கு நைலான் இழைகள். உயர் அழுத்த மின்புலம் உண்டாக்கும் ஒரு கைக்கருவியால் தூவும்போது, இழைகள் படுக்காமல் நெட்டுக்குத்தாக நின்று ஒட்டிக்கொள்ளும். அசல் புல்வெளி மாதிரியே இருக்கும்.

உயரமான மரங்களும் சிக்னல் கம்பங்களும் பயணத்தில்தான் முதலில் உடையும். அதனால் அனுபவசாலிகள் அவற்றைக் கழற்றி மாட்டும்படி செய்வார்கள். சில கட்டடங்களின் அடியில் காந்தம் இருக்கும்.

அரை மில்லிமீட்டர் பிரச்னை

வீட்டில் ஓர் அறையில் நிரந்தரமாக இருக்கும் லேஅவுட்டுக்கும் ஊர் சுற்றும் லேஅவுட்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் ஒன்றுதான்: இணைப்பு. இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் தண்டவாளமும் வெட்டுப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறை சேர்க்கும்போதும் அந்த வெட்டின் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று துல்லியமாகப் பொருந்தியாக வேண்டும்.

ஹெச்ஓ ஸ்கேலில் பரவலாகப் பயன்படும் தண்டவாளத்தின் உயரமே 2.54 மி.மீ.தான். இணைப்பில் அரை மில்லிமீட்டர் விலகினாலும் சக்கரம் தடுமாறும். நிஜ ரயில் கணக்கில் அது 4 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட விலகல். அப்படி ஒரு பாதையில் நிஜ ரயில் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்குக் கண்டுபிடித்த தீர்வு, பித்தளைக் குமிழும் குழியும். ஒரு பலகையின் ஓரத்தில் குமிழ், அடுத்ததின் ஓரத்தில் அது சரியாக உட்காரும் குழி. வார்ப்பு அச்சு செய்யும் தச்சர்கள் காலங்காலமாகப் பயன்படுத்திய சாமான் இது. பலகைகளைச் சேர்த்ததும் 'டக்'கென்று ஒரே இடத்தில்தான் உட்காரும், மேலே கீழே நகராது. அதன் பிறகு போல்ட்டும் விங் நட்டும் போட்டுக் கையாலேயே முறுக்கிவிடலாம். செலவைக் குறைக்க நினைப்பவர்கள், கதவுக் கீலின் இரண்டு பாதிகளைப் பலகைக்கு ஒன்றாக அடித்து, நடு ஊசியை மட்டும் செருகி எடுக்கிறார்கள்.

தண்டவாளத்தின் முனை கை பட்டோ துணி மாட்டியோ வளையக் கூடாது. அதனால் பலகை ஓரத்தில் செம்புத் தகடு ஒட்டிய கட்டைகளை வைத்து, அதில் தண்டவாளத்தை சால்டரிங் செய்துவிடுவார்கள். இன்னொரு தந்திரமும் உண்டு. இரண்டு பலகைகளையும் முதலில் பூட்டிவிட்டு, இணைப்பின் மேல் தண்டவாளத்தை ஒரே நீளமாகப் போட்டு, ஒட்டி, கடைசியாக நடுவில் மெல்லிய வட்ட அறுவைத் தகட்டால் வெட்டுவது. அப்படிச் செய்தால் இரு பக்கமும் பொருந்தித்தானே ஆக வேண்டும்?

அடுத்தது கரன்ட். மாதிரி ரயிலுக்குத் தண்டவாளம் வழியாகவே மின்சாரம் போகிறது. பழைய முறையில் அதிகபட்சம் 12 வோல்ட் நேர் மின்சாரம். வோல்ட்டைக் கூட்டினால் வேகம் கூடும். இப்போது பலர் 'டிசிசி' என்ற டிஜிட்டல் முறைக்கு மாறிவிட்டார்கள். ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் ஒரு குட்டி சிப் இருக்கும், அதற்கென ஓர் எண் இருக்கும். ஒரே பாதையில் நிற்கும் இரண்டு இன்ஜின்களில் ஒன்றை மட்டும் அழைத்து ஓட்டலாம்.

எந்த முறையானாலும் பலகைக்குப் பலகை மின்சாரம் தாண்ட வேண்டும். அதற்குப் பல முனை பிளக்குகள். ஒற்றைக் கம்பி ஒயர் வண்டியின் அதிர்வில் முறிந்துவிடும் என்பதால், பல இழை கொண்ட ஒயரைத்தான் போடுவார்கள். ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு நிறம், அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம். கண்காட்சி நடக்கும்போது பலகைக்கு அடியில் டார்ச்சோடு படுத்துக்கொண்டு 'இது எங்கே போகுது?' என்று தேடக் கூடாதல்லவா!

நாடக செட் மாதிரி ஒரு பயணம்

ஏற்றுவதும் இறக்குவதும் தனிக் கலை. இரண்டு பலகைகளை எதிரெதிராகத் திருப்பி, நடுவே இடைவெளி விட்டு, இரு முனையிலும் ப்ளைவுட் தகடுகளைப் போல்ட் போட்டு மூடிவிடுவார்கள். உள்ளே இரண்டு ஊர்கள் ஒன்றையொன்று பார்த்தபடி பத்திரமாக இருக்கும். வெளியே பார்த்தால் வெறும் பெட்டி.

ஹாலுக்குப் போனதும் முதலில் எடுப்பது ரசமட்டம். பள்ளிக்கூட ஹாலோ, கல்யாண மண்டபமோ, விளையாட்டு அரங்கமோ, எந்தத் தரையும் சமமாக இருக்காது. அதனால் கால்களின் அடியில் திருகி உயரம் கூட்டும் பாதங்கள் வைத்திருப்பார்கள். ரசமட்டக் குமிழி நடுவே வந்த பிறகுதான் பலகை ஏறும். பிறகு இணைப்புகள், ஒயர்கள், விளக்குகள், கடைசியாகத் தண்டவாளத்தைத் துடைத்தல். தண்டவாளத்தில் கண்ணுக்குத் தெரியாத தூசியோ எண்ணெய்ப் படலமோ இருந்தால்கூட ரயில் திக்கித் திக்கித்தான் போகும்.

இத்தனைக்கும் பல மணி நேரம் ஆகும். அதனால்தான் முந்தைய நாளே வந்து அமைத்துவிட்டுப் போகிறார்கள். ஸ்டாம்ஃபோர்டில் அந்த இரவு எல்லாமே ஹாலில் திறந்த நிலையில் இருந்ததற்கும் இதுதான் காரணம். பெட்டிக்குள் இருக்கும்வரை லேஅவுட்டுக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால், பெட்டிக்குள் இருந்தால் அதை யார் பார்ப்பது?

பார்வையாளர்களுக்குத் தெரியாத ஒரு பகுதியும் உண்டு. பின்புறம் வரைந்த வானத் திரைக்குப் பின்னால் பல பாதைகள் வரிசையாக இருக்கும். அங்கேதான் ரயில்கள் தங்கள் முறைக்காகக் காத்திருக்கும். நாடகத்தில் நடிகர்கள் திரைக்குப் பின்னால் நிற்பது போலத்தான். ஒருவர் அங்கே நின்று அடுத்த ரயிலைத் தயார் செய்ய, இன்னொருவர் முன்னால் ஸ்டேஷனில் ஓட்டுவார். எந்த ரயிலுக்குப் பிறகு எது என்று அட்டையில் எழுதி வைத்திருப்பார்கள்.

வேகத்திலும் கணக்கு உண்டு. நிஜத்தில் மணிக்கு 80 கி.மீ. வேகம் என்றால், ஹெச்ஓ ஸ்கேலில் அது நொடிக்கு 25 சென்டிமீட்டர். அந்த வேகத்தில் ஒரு 4 அடிப் பலகையை இன்ஜின் 5 நொடியில் கடந்துவிடும். சும்மா பறக்கவிட்டால் குழந்தைகள் கைதட்டுவார்கள், ஆனால் ஒரு நிமிடத்தில் சலித்துவிடும். மெதுவாக வந்து, நின்று, ஒரு சரக்குப் பெட்டியைக் கழற்றி ஓரப் பாதையில் தள்ளிவிட்டுத் திரும்பும் இன்ஜினைத்தான் எல்லா வயதினரும் நின்று பார்ப்பார்கள்.

ஓரத்தில் சட்டம்... நடுவில் சுதந்திரம்!

இதுவரை பார்த்தது ஒரே குழு, ஒரே ஊரைத் துண்டு போட்டுச் சுமக்கும் முறை. முதல் பலகைக்கு அடுத்தது எப்போதும் இரண்டாவது பலகைதான். வரிசை மாறாது.

1970-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சிலர் வேறு மாதிரி யோசித்தார்கள். ஆளுக்கு ஒரு பலகை செய்வோம். யாருடைய பலகையும் யாருடைய பலகையோடும் சேர வேண்டும். அதற்கு ஒரு பொது விதி போதும். இப்படிப் பிறந்ததுதான் 'என்ட்ராக்'. என் ஸ்கேலில், பலகையின் நீளம் வழக்கமாக 4 அடி. முன்னால் மூன்று பாதைகள், ஓரத்திலிருந்து இத்தனை தூரத்தில் இருக்க வேண்டும். பெயர்கூட எளிது: சிவப்பு, மஞ்சள், நீலம். ஓரத்தில் இந்த விதியை மதித்தால் போதும். நடுவில் நீங்கள் பாலைவனம் வைக்கலாம், துறைமுகம் வைக்கலாம், உங்கள் பாட்டி வீடும் வைக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். இப்படிப்பட்ட பலகைக்குத்தான் 'மாட்யூல்' என்று பெயர்.

1981-ல் ஐரோப்பாவில் 'ஃப்ரேமோ' என்ற அமைப்பு உருவானது. இவர்கள் சுற்றிச் சுற்றி வருவதை விரும்புவதில்லை. மாட்யூல்களைக் கிளை கிளையாக நீட்டி, ஒரு ஹால் முழுவதையும் ஒரு ரயில் கோட்டமாக மாற்றிவிடுவார்கள். ஒருவர் ஸ்டேஷன் மாஸ்டர், ஒருவர் டிரைவர். கால அட்டவணையும், எந்தச் சரக்குப் பெட்டி எங்கே போக வேண்டும் என்ற சீட்டும் உண்டு. வேறு வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள் செய்த ஸ்டேஷன்களுக்கு இடையே சரக்கு போய்ச் சேரும்.

இன்னும் எளிமையான ஒன்று ஜப்பானிலிருந்து வந்தது. 'டி-ட்ராக்' என்பது அதன் பெயர். அங்கே வீடுகள் சிறியவை என்பதால், சாதாரண மேஜை மேலேயே வைக்கிற குட்டி மாட்யூல் இது. ஒற்றை மாட்யூலின் அகலம் வெறும் 308 மி.மீ., அதாவது நம் பள்ளிக்கூட ஸ்கேலைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதன் மேல் காட்டோ நிறுவனத்தின் தண்டவாளம் 310 மி.மீ. நீளத்துக்கு இருக்கும். அந்த 2 மி.மீ. வித்தியாசத்தால், மரப் பெட்டிகள் இடிப்பதற்கு முன்பே தண்டவாளங்கள் சேர்ந்துவிடும். தனியாகப் போல்ட் வேண்டாம், தண்டவாள இணைப்பே மாட்யூல்களைப் பிடித்துக்கொள்ளும். நான்கு மூலையிலும் திருகாணிக் கால்கள், மேஜையின் ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய. ஒரு ஷூ பெட்டி போலக் கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸிலேயே போகலாம்.

இந்த எளிமைதான் இந்தப் பொழுதுபோக்கை அடுத்த தலைமுறைக்குத் திறந்துவிடுகிறது. ஜப்பானில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கென்றே தேசிய அளவில் மாதிரி ரயில் போட்டி நடக்கிறது. ஒவ்வொரு பள்ளியும் விதிப்படி ஒரு மாட்யூல் செய்து டோக்கியோவுக்கு எடுத்து வரும். அங்கே அவற்றை வரிசையாகச் சேர்ப்பார்கள். ஒரு பள்ளியின் மீனவக் கிராமத்திலிருந்து புறப்படும் ரயில், அடுத்த பள்ளியின் மலைக்குகைக்குள் நுழைந்து போகும்.

யார் சுமப்பது?

இந்த உலகத்தில் கவலைகளும் உண்டு. பிரிட்டனின் பர்மிங்ஹாமில் ஒவ்வொரு நவம்பரிலும் வார்லி சங்கம் நடத்திவந்த தேசியக் கண்காட்சி, நாட்டின் மிகப் பெரியவற்றில் ஒன்று. சங்க உறுப்பினர்களே தன்னார்வலர்களாக நின்று நடத்தியது. 2023 நவம்பரோடு அது முடிவுக்கு வந்துவிட்டது. அவ்வளவு பெரிய நிகழ்ச்சியைத் தொடர்ந்து சுமப்பது எளிதல்ல.

கண்காட்சிக்கு வருபவர்களுக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. வண்டி வாடகை, தங்கும் செலவு, சாப்பாடு ஆகியவற்றை நடத்துபவர்கள் தருவார்கள். லேஅவுட்டுக்குக் காப்பீடும் செய்வார்கள். ஆனால், காப்பீட்டுப் பணத்தால் இன்ஜினைத்தான் வாங்க முடியும். பத்து வருட மாலைப் பொழுதுகளை வாங்க முடியாது.

லண்டன் சங்கத்தின் 'கோபன்ஹேகன் ஃபீல்ட்ஸ்' என்ற லேஅவுட்டே இதற்குச் சாட்சி. கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்துக்கு வடக்கே இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் லண்டன் எப்படி இருந்தது என்பதை மிகச் சிறிய அளவில் காட்டுவது அது. பின்னால் போகப் போகக் கட்டடங்களை இன்னும் சிறிதாக்கி, நகரம் தொலைவு வரை விரிவது போல ஒரு தோற்றத்தையும் உண்டாக்கியிருக்கிறார்கள். 1980-களில் தொடங்கிய வேலை, பல பத்தாண்டுகள் நீண்டது. தொடங்கியவர்களோடு முடிந்துபோகாமல் அடுத்தடுத்த கைகளுக்கு வேலை மாறுகிறது. ஒருவர் வீட்டு அறையில் இருந்தால் அவரோடு முடிந்திருக்கும். சங்கத்தின் பொதுச் சொத்தாக, நாலு பேர் பார்க்கும் இடத்தில் இருப்பதால்தான் அது வாழ்கிறது.

இதெல்லாம் தெரிந்தவர்தான் ராட் ஸ்டூவர்ட். அவர் வீட்டில் ஒரு பிரமாண்டமான அமெரிக்க நகரமே மாதிரி ரயிலோடு இருக்கிறது. அதைக் கட்ட 20 ஆண்டுகளுக்கும் மேல் ஆனது. இசைச் சுற்றுப்பயணம் போகும்போதுகூட, ஹோட்டலில் கூடுதலாக ஓர் அறை எடுத்து, கட்டடங்களைச் செய்துகொண்டிருப்பாராம். ஸ்டாம்ஃபோர்டில் உடைந்தது என்ன என்பது அவருக்கு யாரும் விளக்கத் தேவையிருந்திருக்காது.

நம் ஊரில் செய்யலாமா?

இந்தியாவில் மாதிரி ரயிலை நேரில் பார்க்க விரும்பினால், புனேயில் ஜோஷி குடும்பத்தினரின் மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. 1998-ல் திறக்கப்பட்டது. அது ஒரே இடத்தில் நிலையாக இருக்கும் குட்டி நகரம்.

நம் ரயிலைச் செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. நம்முடைய ப்ராட் கேஜ் 1,676 மி.மீ. அகலம். அதை 87-ஆல் வகுத்தால் 19 மி.மீட்டருக்கும் சற்று அதிகம். ஆனால், கடையில் கிடைக்கும் ஹெச்ஓ தண்டவாளம் 16.5 மி.மீ.தான். பலரும் அந்த வித்தியாசத்தைக் கண்டும் காணாமல் விட்டுவிட்டு, பெட்டிகளின் தோற்றத்தில் கவனம் செலுத்துகிறார்கள். ஊட்டி மலை ரயில் என்றால் கதை வேறு. அது மீட்டர் கேஜ். 1,000 மி.மீட்டரை 87-ஆல் வகுத்தால் 11.5. அதற்கு மிக நெருக்கமாக, 12 மி.மீ. தண்டவாளம் ஐரோப்பிய மலை ரயில் மாதிரிகளுக்காகவே விற்கப்படுகிறது.

தொடங்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

* ஊர் முழுக்கக் கட்ட நினைக்காதீர்கள். ஒரே ஒரு மாட்யூல் போதும். ஒரு லெவல் கிராசிங், ஒரு டீக்கடை, ஒரு ஆலமரம். அவ்வளவுதான்.

* முதலில் விதியைத் தேர்ந்தெடுங்கள், பிறகு மரத்தை அறுங்கள். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்தால், பாதை ஓரத்திலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்க வேண்டும், உயரம் எவ்வளவு, எந்தக் கம்பெனித் தண்டவாளம், எந்த பிளக் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

* நம் ஊர் ஈரக் காற்றில் சாதாரண ப்ளைவுட் உப்பிவிடும். நீர் தாங்கும் ரகம் வாங்கி, அறுத்த ஓரங்கள் உட்பட எல்லாப் பக்கமும் வார்னிஷ் அடியுங்கள்.

* வெயிலில் தண்டவாளம் நீளும். இணைப்புகளில் ஒரு தாள் நுழைகிற அளவு இடைவெளி விடுங்கள்.

* புல் ஒட்டுவதற்கு முன்பே ரயிலை ஓட்டிப் பாருங்கள். அழகு செய்த பிறகு தண்டவாளத்தைத் திருத்துவது பெரும்பாடு.

* ஒருமுறை முழுதாகப் பிரித்து, படியிறக்கி, காரில் ஏற்றி, தெருவைச் சுற்றிவந்து மறுபடி சேர்த்துப் பாருங்கள். ஓடினால்தான் அது கண்காட்சிக்குத் தயார்.

* உதிரி டப்பா மறக்க வேண்டாம்: ஃபியூஸ், பசை, ஒயர் துண்டு, சால்டரிங் இரும்பு, சின்ன ஸ்க்ரூடிரைவர், துடைக்கும் துணி.

பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்கு ஒவ்வொரு வருடமும் எரிமலை வெடிக்க வைப்பதற்குப் பதிலாக, பத்து மாணவர்கள் ஆளுக்கு ஓர் அடி ரயில் பாதை செய்து சேர்த்தால் எப்படி இருக்கும்? அளவெடுத்தல், விகிதம், மின்சுற்று, தச்சு, ஓவியம் எல்லாம் அதில் இருக்கிறது. அதோடு பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றும் இருக்கிறது. நடுவில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், ஆனால் ஓரத்தில் பக்கத்து வீட்டுக்காரரோடு பொருந்தியாக வேண்டும் என்ற பாடம்.

அது பொருந்தியதா இல்லையா என்று பேசித் தீர்க்க வேண்டியதில்லை. ஓர் இன்ஜினை மெதுவாக அந்தக் கோட்டை நோக்கி ஓட்டினால் போதும். 'டக்' என்று ஒரு சின்னச் சத்தத்தோடு கடந்து போய்விட்டால், இரண்டு பேருமே சரியாகச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்!